தைம் இலையும் நம்ம ஊர் கற்பூரவள்ளியும் ஒன்றா? மாமியாரின் இருமலுக்குக் கொடுக்கலாமா?

கருங்கல் மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் அண்ணன் போன வாரம் லீவில் வந்தார். சோப்பு, பால்பவுடர், பிஸ்தாவோடு இந்த முறை பெட்டியில் மூன்று புதுப் பொருள் இருந்தது. ஒரு கண்ணாடிக் குப்பியில் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாகக் காய்ந்த இலை, மேலே தைம் என்று எழுதியிருக்கிறது. இன்னொரு பொட்டலத்தில் பச்சையும் பழுப்புமாக எள்ளு கலந்த பொடி, அதன் பெயர் ஸாத்தர். மூன்றாவது 10 மில்லி தைம் எண்ணெய். அண்ணனோடு வேலை பார்க்கும் லெபனான்காரர் ஒருவர் இருமலுக்கு இதைவிட நல்ல இலை கிடையாது என்று சொல்லி வாங்கிக் கொடுத்தாராம்.

வீட்டில் மாமியாருக்கு வயது 67. ஒரு மாதத்துக்கு மேலாக இருமல். பகலில் கொஞ்சம் பரவாயில்லை, ராத்திரி படுத்தால் தொண்டையில் ஏதோ கிச்சுகிச்சு மூட்டுகிற மாதிரி தொடங்கி விடிகிற வரைக்கும் இருமுகிறார்கள், பக்கத்து அறையில் படுத்திருக்கிற எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருப்பது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. காய்ச்சல் இல்லை, சளி அதிகம் வரவில்லை. சுக்கு, நல்லமிளகு, கருப்பட்டி போட்டுக் கஷாயம் கொடுத்தாயிற்று, ஆடாதொடை இலையும் அவித்துக் கொடுத்தாயிற்று, நிற்கவில்லை. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார்கள். மகனுக்கு 5 வயது, மழை தொடங்கினால் அவனுக்கும் நெஞ்சில் சளி கட்டும்.

அந்தத் தைம் இலையை விரலில் நுணுக்கிப் பார்த்தேன், அப்படியே ஓமம் மணக்கிறது, கற்பூரவள்ளி வாசனையும் அடிக்கிறது. இது நம்ம கற்பூரவள்ளி வகைதானா? எவ்வளவு போட்டு, எப்படிக் கஷாயம் வைப்பது? பிள்ளைக்குக் கொடுக்கலாமா? எண்ணெயை இரண்டு துளி வெந்நீரில் விட்டுக் குடித்தால் சளி அறுந்து வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன், அது சரியா? இந்தச் செடி நம்ம மண்ணில் வருமா என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டாறு கடைக்காரர்:

மக்களே, ஓமம் மணக்கிறது என்று எழுதியிருக்கிறாயே, உன் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. மூன்று தலைமுறையாகக் கோட்டாற்றில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறோம், எங்களுக்கு முதல் பரிசோதனைக்கூடம் மூக்குதான். தைமுக்கும் ஓமத்துக்கும் கற்பூரவள்ளிக்கும் அந்த நெடியைக் கொடுப்பது தைமால், கார்வக்ரால் என்ற இரண்டு சத்துகள். மூன்றிலும் இருக்கின்றன, அளவுதான் முன்னே பின்னே இருக்கும். ஆனால் செடி வேறு வேறு. தைமும் கற்பூரவள்ளியும் துளசி, புதினா குடும்பம். ஓமம் சீரகம், கொத்தமல்லி குடும்பம். ஆக, கற்பூரவள்ளி தைமுக்குப் பங்காளி முறை, ஓமம் வேறு குடும்பத்தில் பிறந்து குணத்தில் ஒத்துப்போன சம்பந்தி முறை என்று வைத்துக்கொள்.

தைமால் என்ற பெயரே தைம் செடியிலிருந்து வந்ததுதான். 1719இல் ஜெர்மனியில் காஸ்பர் நியூமன் என்ற ரசாயன அறிஞர் தைம் எண்ணெயிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். 1853இல் பிரான்சின் லாலெமாண்ட் அதற்குப் பெயர் வைத்தார். ஆனால் உலகத்துக்கு மூட்டை மூட்டையாகத் தைமால் வேண்டியிருந்தபோது அதைக் கொடுத்தது தைம் இல்லை, நம்ம நாட்டு ஓமம். முதல் உலகப் போருக்கு முன்னால் இங்கேயிருந்து ஓமம் கப்பலில் ஜெர்மனிக்குப் போய், அங்கே காய்ச்சித் தைமால் எடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் ரசாயன ஆலையில் செய்கிறார்கள்.

எங்கள் கடையில் ஓம உப்பு என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது அந்தத் தைமால் படிகம்தான். ஓம உப்பு, புதினா உப்பு, பச்சைக் கற்பூரம் மூன்றையும் ஒரு குப்பியில் போட்டு மூடிக் குலுக்கினால் அடுப்பே இல்லாமல் மூன்றும் உருகித் தண்ணீராகிவிடும். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அப்பா செய்து காட்டுவார், கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்பேன். தலைவலிக்கும் தசைப் பிடிப்புக்கும் தேங்காய் எண்ணெயில் கலந்து வெளியே தேய்ப்பதற்கு அது. பச்சைக் கற்பூரம் உள்ளே போனால் குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம், அதனால் வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது என்றால் நான் கொடுக்கவே யோசிப்பேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொக்கிப்புழுவுக்குத் தைமால்தான் மருந்து. அதைக் கொடுக்கிற அன்றைக்கு எண்ணெய்ப் பலகாரமோ சாராயமோ தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வார்கள். கொழுப்பிலும் சாராயத்திலும் தைமால் கரைந்து ரத்தத்தில் ஏறினால் ஆளுக்கே ஆபத்து. பிறகு பேதி உப்பு கொடுத்து புழுவையும் மிச்ச மருந்தையும் சேர்த்து வெளியேற்றுவார்கள். இலையாக இருக்கும்போது சாதுவாகத் தெரிகிற ஒன்று சத்தாகப் பிரித்தெடுத்தபின் எவ்வளவு வீரியமாகிறது என்று இதிலேயே தெரியும். எண்ணெய்க் குப்பியை இப்போதே உயரத்தில் தூக்கி வை.

மஸ்கட் தக்கலை:

ஸாத்தர் பொட்டலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், பன்னிரண்டு வருஷமாகத் தின்றுகொண்டிருக்கிறேன். அதைக் கஷாயத்தில் போடவேண்டாம் அக்கா. அதில் இலையோடு வறுத்த எள், சுமாக் என்ற புளிப்புப் பழத்தின் தூள், உப்பு எல்லாம் சேர்ந்திருக்கும். பிரஷர் உள்ளவர்களுக்கு அந்த உப்பு வேறு வேண்டாத வேலை. அரபியில் ஸாத்தர் என்ற ஒரே சொல்லைத் தைம், ஆரிகானோ எனப் பல சொந்தக்காரச் செடிகளுக்கும் சொல்வார்கள். லெபனான், சிரியா, பாலஸ்தீனப் பக்கம் பெரும்பாலும் அந்த இலை சிரியா ஆரிகானோ, தைம் கூட இல்லை. பொடியை ஆலிவ் எண்ணெயில் குழைத்து ரொட்டிக்கோ, சூடான தோசைக்கோ தொட்டுத் தின்னுங்கள், இட்லிப்பொடி மாதிரி நன்றாக இருக்கும். இலை மட்டும் உள்ள குப்பியை மருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனி நர்ஸ்:

நான் அழகியமண்டபம் பக்கம், இப்போது ஜெர்மனியில் நர்ஸாக இருக்கிறேன். இங்கே தைமை ட்யூமியான் என்பார்கள். இருமல் என்று மருந்துக்கடைக்குப் போனால் அலமாரியில் பாதி அதுதான் நிற்கும், தைமும் ஐவி என்ற கொடியின் இலையும் சேர்ந்த சிரப், தைமும் பிரிமுலா என்ற பூச்செடியின் வேரும் சேர்ந்த சொட்டு மருந்து, வெறும் தைம் இலைத் தேநீர். பாட்டி வைத்தியமாக மட்டும் அவர்கள் அதைப் பார்ப்பதில்லை. மூலிகைகளை ஆராய்ந்து சொல்ல இந்த நாட்டு அரசு 1978இல் கமிஷன் ஈ என்று ஒரு நிபுணர் குழு அமைத்தது. மூச்சுக்குழாய் அழற்சி, கக்குவான், மேல் மூச்சுப்பாதைச் சளி மூன்றுக்கும் தைம் இலையை அந்தக் குழு ஏற்றுக்கொண்டிருக்கிறது. தைம், ஐவி சிரப்பை வைத்து 361 பேரிடம் நடத்திய ஒரு ஆய்வு 2006இல் வெளிவந்தது. ஒரு வாரம் கழிந்ததும் சிரப் குடித்தவர்களுக்கு இருமல் ஏறக்குறைய 69 விழுக்காடு குறைந்திருந்தது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத போலி சிரப் குடித்தவர்களுக்கு 48 விழுக்காடு. இந்த இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள், திடீரென்று வந்த சளி இருமல் சும்மா இருந்தாலே பாதி குறைகிறது, தைம் அதை வேகப்படுத்துகிறது. அந்த ஆய்வு புதிதாக வந்த சளி இருமலுக்குத்தான், ஒரு மாதம் நீடித்த வறட்டு இருமலுக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

எப்படி வேலை செய்கிறது என்றால், இறுகிய மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்துகிறது, கோழையை இளக்குகிறது, கிருமிகளையும் ஓரளவு அடக்குகிறது. இது இன்றைக்கு நேற்றுக் கண்டுபிடித்தது இல்லை. முதல் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடிஸ் நெஞ்சுச் சளிக்குத் தைமைச் சொல்லியிருக்கிறார். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நிக்கோலஸ் கல்பெப்பர் நுரையீரலுக்குப் பலம் தரும் என்றும் பிள்ளைகளின் கக்குவானுக்கு நல்லது என்றும் எழுதிவைத்திருக்கிறார்.

அளவு: 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு தடவைக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் காய்ந்த இலை, அதாவது ஒரு டீஸ்பூனில் இருந்து ஒன்றரை டீஸ்பூன். கொதித்து இறக்கிய தண்ணீர் 150 மில்லி அதன்மேல் ஊற்றி, கட்டாயம் மூடிவைத்து, 10 நிமிஷம் கழித்து வடிகட்டுங்கள். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவை. ஒரு வாரத்தில் குறையவில்லை என்றால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். துளசி, புதினா வகை ஒத்துக்கொள்ளாதவர்கள் தொடவேண்டாம். கர்ப்பிணிகள் சமையலில் வாசனைக்குப் போடுகிற அளவோடு நிறுத்திக்கொள்ளட்டும். 5 வயதுப் பிள்ளைக்கு இந்த அளவில் கொடுக்காதீர்கள்.

எண்ணெய் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஒரு கிலோ நல்ல காய்ந்த தைமில் இருந்து 12 முதல் 25 மில்லி எண்ணெய்தான் கிடைக்கும். உங்கள் கையில் இருக்கிற 10 மில்லிக்குள் 400 கிராமுக்குக் குறையாத இலை அடங்கியிருக்கிறது. இரண்டு துளி என்பது 0.1 மில்லி, கணக்குப் போட்டால் நாலில் இருந்து எட்டு கிராம் இலையின் எண்ணெய் மொத்தமும் ஒரே மடக்கில் போகிறது. அதுவும் எண்ணெய் தண்ணீரில் கலக்காது, மேலே மிதந்து தொண்டையையும் இரைப்பையையும் அப்படியே சுட்டுவிடும். குடிக்கவே கூடாது.

இயற்கை வழி:

நான் இரண்டு வருஷமாக ஆரிகானோ எண்ணெயும் தைம் எண்ணெயும் வெந்நீரில் விட்டுக் குடிக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. இயற்கைப் பொருள்தானே, பயப்படத் தேவையில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் மாத்திரையைத்தான் கூட்டுவார்கள்.

ஜெர்மனி நர்ஸ்:

சகோதரரே, உங்களுக்கு ஒன்றும் ஆகாதது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இங்கே கேட்பது 67 வயது அம்மாவுக்கும் 5 வயதுப் பிள்ளைக்கும். எருக்கம்பாலும் அரளிக்காயும் இயற்கைதான், அவற்றை யாரும் இயற்கை என்பதற்காக வாயில் வைப்பதில்லை. இந்த எண்ணெயை நேராகத் தோலில் தடவினாலே எரியும். நெஞ்சில் தேய்க்க வேண்டும் என்றால் 100 மில்லி தேங்காய் எண்ணெயில் இருபது துளி, அதற்கு மேல் வேண்டாம், அதுவும் பெரியவர்களுக்கு மட்டும். சின்னக் குழந்தைகளின் மூக்கருகில் இப்படிக் காரமான எண்ணெய்களைக் கொண்டுபோகவே கூடாது, குரல்வளை இறுகி மூச்சு அடைத்துவிடலாம்.

தக்கலை சித்த மருத்துவர்:

தாமதமாகப் பார்த்தேன். முதலில் ஒரு கேள்வி. அம்மா சாப்பிடுகிற பிரஷர் மாத்திரையின் பெயர் என்ன, எப்போது தொடங்கினார்கள்? பெயர் எனாலாபிரில், ராமிபிரில், லிசினோபிரில் என்று பிரில்-இல் முடிந்தால், இருமலுக்கு அதுவே காரணமாக இருக்க வாய்ப்பிருக்கிறது. அந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் இருபது பேர் வரை இப்படி வறட்டு இருமல் வரும். பிராடிகைனின் என்ற பொருளை உடம்பு உடைத்து அகற்றுவதை அந்த மருந்து தடுக்கிறது, அது தேங்கித் தொண்டையில் கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டே இருக்கும். நீங்கள் எழுதியிருக்கிற அந்த ஒரு சொல்தான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. அப்படியிருந்தால் தைம், ஆடாதொடை, சுக்கு எதைக் கொடுத்தாலும் நிற்காது, மாத்திரையை மாற்றினால்தான் நிற்கும். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொன்னால் வேறு வகைக்கு மாற்றுவார்.

இரண்டாவது, எந்த இருமலும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்யவேண்டும், காசநோய் இல்லை என்று உறுதியாகத் தெரியவேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் காசு இல்லாமல் பார்ப்பார்கள். ஒரு மாதம் என்று படித்தபோது எனக்கு அதுதான் பதற்றமாக இருந்தது. எங்கள் சிகிச்சைக்கு வருகிறவர்களிடமும் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன், இதில் எந்த வைத்தியம் பெரியது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இனி தைம். நம்ம சித்த மருந்துச் சரக்குகளின் குணம் சொல்லும் குணபாடத்தில் இந்தச் செடி கிடையாது, இது மத்தியதரைக் கடலோரத்துச் செடி. யுனானி மருத்துவத்தில் ஹாஷா என்ற பெயரில் இருக்கிறது. இமயமலையில் இதன் தங்கை முறையான ஒரு தைம் காடாக வளர்கிறது, அங்கேயுள்ள மலை மக்கள் அதற்கு வைத்திருக்கிற பெயருக்குப் பொருள் காட்டு ஓமம். கருங்கல்லில் உங்கள் மூக்குக்குத் தோன்றியதும் உத்தரகண்டில் ஆடு மேய்க்கிறவர்களின் மூக்குக்குத் தோன்றியதும் ஒன்றாக இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. சுவை கார்ப்பு, வீரியம் வெப்பம் என்று ஓமத்துக்குச் சொல்லும் அதே கணக்கில்தான் இதையும் நான் வைப்பேன். கோழை கட்டிய இருமலுக்கு, பசி மந்தத்துக்கு, வயிற்றுப் பொருமலுக்குப் பொருந்தும். உங்கள் மாமியாருக்கு இருப்பதுபோல் கோழை இல்லாத வறண்ட இருமலில் மேலும் மேலும் வெப்பமான சரக்கைக் கொடுத்தால் தொண்டை இன்னும் காயும், சுக்கும் நல்லமிளகும் போட்ட கஷாயம் கேட்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வறட்டு இருமலுக்கு அதிமதுரம் கொடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள், தொடர்ந்து சாப்பிட்டால் அது பிரஷரை ஏற்றும், அம்மாவுக்கு வேண்டாம்.

கஷாயம் வைக்கும் முறையிலும் ஒரு தவறு நடக்கிறது. நாம் எதை எடுத்தாலும் நாலு டம்ளரை ஒரு டம்ளராக வற்றவைப்போம். வேர், பட்டை, கட்டைச் சரக்குக்கு அது சரி, அவற்றின் சத்து மெதுவாகத்தான் இறங்கும். தைம், துளசி, ஓமம், கற்பூரவள்ளி போன்றவற்றில் வேலை செய்வது ஆவியாகிப் போகிற எண்ணெய். அடுப்பில் திறந்துவைத்து அரைமணி நேரம் கொதிக்கவிட்டால் வீடு முழுக்க மணக்கும், ஆனால் பாத்திரத்தில் மிஞ்சுவது கசப்புத் தண்ணீர். நம்ம முன்னோர்களுக்கு இது தெரிந்துதான் இருந்தது, அதனால்தான் ஓமத்தைக் குடிநீராக வற்றவைக்காமல் வாலை என்ற வடிக்கும் பாத்திரத்தில் இட்டு ஆவியைப் பிடித்து ஓமத்தீநீர் எடுத்தார்கள். வீட்டில் வாலை இல்லையென்றால் மேலே நர்ஸ் தங்கை சொன்ன மாதிரி வெந்நீர் ஊற்றி மூடிவைப்பதுதான் வழி. திறக்கும்போது மூடியின் உள்பக்கத்தில் நிற்கிற நீர்த்துளிகளையும் கப்பிலேயே தட்டிவிடுங்கள், அதிலும் மருந்து இருக்கிறது.

பிள்ளைக்கு உங்கள் முற்றத்துக் கற்பூரவள்ளியே போதும். ஒரு இலையைத் தணலில் வாட்டிப் பிழிந்தால் வரும் அரை டீஸ்பூன் சாற்றைத் தேனில் குழைத்துக் கொடுங்கள். எல்லை தாண்டி மலையாளத்தில் பனிக்கூர்க்க என்று சொல்லி அவர்களும் இதைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். மேற்கிந்தியத் தீவுகளிலும் இதே செடியை ஸ்பானிஷ் தைம் என்று சொல்லித் தைமுக்குப் பதிலாகக் கறியில் போடுகிறார்கள். பிள்ளைக்கு மூச்சு விசில் அடித்தாலோ, விலா உள்வாங்கினாலோ, பாலும் சோறும் இறங்காவிட்டாலோ எந்த இலையும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

மார்த்தாண்டம் தேன்பெட்டி:

தேன் என்றதும் உள்ளே வந்தேன். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தொட்டுக்கூட வைக்கக்கூடாது, இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இன்னும் பாட்டிமார் சேனை வைக்கிறார்கள். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி விதை பெரியவர்கள் வயிற்றில் ஒன்றும் செய்யாது, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பையே முடக்கிவிடும். உங்கள் மகனுக்கு 5 வயது, அவனுக்குப் பயமில்லை. கொசுத்தேனீயின் சிறுதேன் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் ரப்பர்த் தேனும் தொண்டைக்கு இதம்தான். நம்ம பக்கம் தேனீப்பெட்டியில் தேன் நிறைய வருவது ரப்பர் கொழுந்து விடுகிற காலத்தில்தான். பூவில் இருந்து இல்லை, தளிர் இலைக் காம்பில் சுரக்கிற மதுவில் இருந்து. கிரேக்க நாட்டில் தைம் பூத்த மலைச்சரிவுகளில் பெட்டி வைத்து எடுக்கிற தேனைப் பழங்காலத்தில் இருந்தே உயர்வாகச் சொல்கிறார்கள். எனக்கு அதை ஒரு தடவை ருசிபார்க்க வேண்டும் என்று ஆசை.

தைமால் எங்களுக்கும் சொந்தக்காரன்தான். மேல்நாட்டுத் தேனீக் கூடுகளை அழிக்கிற வர்ரோவா என்ற உண்ணிக்குத் தைமால் வில்லையைப் பெட்டிக்குள் வைப்பார்கள். மெதுவாக ஆவியாகி உண்ணியைக் கொல்லும். வெயில் கூடி ஆவி அதிகமானால் தேனீயே பெட்டியை விட்டு வெளியே வந்து தொங்கும். கடைக்காரர் ஐயா கொக்கிப்புழுவுக்குச் சொன்னதும் இதுவும் ஒரே பாடம்தான், அளவுதான் எல்லாம்.

கருங்கல் மருமகள்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லோரும் மன்னிக்கவேண்டும். மருத்துவர் ஐயா கேட்டதைப் பார்த்ததும் மாமியாரின் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன், ராமிபிரில். இருமல் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னால்தான் மாற்றி எழுதியிருந்தார்கள். எங்களில் ஒருவருக்கும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. இத்தனைக்கும் இடையில் ஒரு இடத்தில் காட்டியபோது இருமல் சிரப் எழுதிக் கொடுத்தார்களே தவிர, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, அது எனக்கு இப்போதும் வருத்தம்தான். சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்தோம், காசநோய் இல்லை. டாக்டர் மாத்திரையை மாற்றிக்கொடுத்தார். முதல் வாரம் வித்தியாசம் தெரியவில்லை, இரண்டாவது வாரத்தில் இருமல் குறைந்தது, இப்போது நாலு நாளாக ராத்திரி முழுக்கத் தூங்குகிறார்கள்.

தைம் இலை வீணாகவில்லை. மழையில் நனைந்து என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் சளி கட்டியது, மூடிவைத்து ஊறவைத்த தண்ணீரை நாலு நாள் கொடுத்தேன், மூன்றாம் நாளே கோழை இளகி வெளியே வந்தது. தானாகவே சரியாகியிருக்குமோ என்னமோ, ஆனால் குடித்ததும் நெஞ்சு லேசாகிறது என்று அவரே கேட்டு வாங்கிக் குடித்தார். எண்ணெயைப் பீரோ மேலே வைத்துவிட்டேன். மகனுக்குக் கற்பூரவள்ளிதான். செடி வளர்ப்பது பற்றி யாராவது சொல்லுங்களேன், அண்ணன் அடுத்த முறை விதை கொண்டுவருகிறேன் என்கிறார்.

ஆரல்வாய்மொழி மாடித்தோட்டம்:

விதை வேண்டாம் அக்கா, முளைத்து ஆளாக ரொம்ப நாள் ஆகும். நானும் விதையில் தொடங்கி இரண்டு தடவை தோற்றபிறகு நீலகிரிப் பக்கம் இருந்து வந்த நாற்று ஒன்றை வாங்கித்தான் பிழைக்கவைத்தேன். தைமுக்கு வெயில் வேண்டும், காற்று வேண்டும், காலடியில் ஈரம் நிற்கக்கூடாது. கல்லும் மணலுமாக இருக்கிற மலைச்சரிவில் பிறந்த செடி, அதை நம்ம வயல் மண்ணில் நட்டு இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினால் ஒரு வாரத்தில் வேர் அழுகிவிடும். நம்ம மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. குலசேகரத்தில் இருக்கிற என் அக்கா வீட்டில் மூன்று செடி வைத்தேன், மூன்றும் போய்விட்டன. எங்கள் ஊரில் கணவாய்க் காற்று அடித்துக்கொண்டே இருக்கும், மழையும் கொஞ்சம் குறைவு, அதனால் மொட்டைமாடியில் மூன்றாவது வருஷமாக நிற்கிறது.

கருங்கல்லில் வைக்கவேண்டும் என்றால் அகலமான மண்சட்டி எடுத்து அடியில் பெரிய துளை போடுங்கள். பாதி ஆற்றுமணல், கால்பங்கு செங்கல் பொடி, கால்பங்கு மண், உரம் ஒரு பிடிக்கு மேல் வேண்டாம். கொழுத்து வளர்ந்தால் வாசனை குறைந்துபோகும், கொஞ்சம் வாடி வதங்கி நிற்கிற செடியில்தான் எண்ணெய் கூடும். மேல்மண் காய்ந்து விரலில் ஒட்டாமல் உதிர்ந்தால் மட்டும் தண்ணீர். மழைக்காலம் முழுக்க இறவாணத்துக்கு அடியில், வெயில் சாய்ந்து விழுகிற இடத்தில் வையுங்கள். பூ விடத் தொடங்கும்போது காலையில் பனி காய்ந்ததும் நுனியை மட்டும் கிள்ளி நிழலில் உலர்த்துங்கள், அடிக்கட்டை வரைக்கும் வெட்டினால் திரும்பத் துளிர்க்காது.

என்னிடம் பதியன் போட்டு வேர் பிடித்த சட்டி ஒன்று கூடுதலாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை வடசேரி சந்தைக்கு வருவேன், அந்தப் பக்கம் வருவதாக இருந்தால் இங்கேயே எழுதுங்கள், கொண்டுவந்து தருகிறேன். பதிலுக்கு உங்கள் கற்பூரவள்ளியில் இரண்டு கொம்பு ஒடித்துக்கொண்டு வாருங்கள், என்னுடையது போன கோடையில் காய்ந்துவிட்டது.